குடல் பாக்டீரியாக்களும் பித்த அமிலங்களும்

பித்த அமிலங்கள் என்பவை கல்லீரலில் கொலஸ்டிராலில் இருந்து உருவாக்கப்பட்டு, பித்தநீரின் வழியாகச் சிறுகுடலை அடையும் வேதிச் சேர்மங்கள் ஆகும். உணவிலுள்ள கொழுப்பு செரிப்பதற்கு இவை தேவை. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இந்த அமிலங்களின் கட்டமைப்பை மாற்றுகின்றன. அதே அமிலங்கள் எந்தப் பாக்டீரியா குடலில் வாழலாம், எது வாழ முடியாது என்பதைப் பெருமளவு முடிவு செய்கின்றன. இந்த இருவழித் தொடர்பு குலையும்போது சில கடுமையான நோய்கள் தோன்றுகின்றன. சித்த மருத்துவத்தில் வாதம், கபம் ஆகியவற்றுடன் சேர்த்துச் சொல்லப்படும் பித்தம் என்பது வேறு கருத்து. இங்கு பேசப்படுவது கல்லீரல் சுரக்கும் பித்தநீரைப் பற்றியே.

உருவாக்கமும் சுழற்சியும்

மனிதக் கல்லீரல் இரண்டு பித்த அமிலங்களை உருவாக்குகிறது. அவை கோலிக் அமிலம், கீனோடிஆக்சிகோலிக் அமிலம் ஆகியன. இவை முதனிலைப் பித்த அமிலங்கள் எனப்படுகின்றன. கல்லீரலை விட்டு வெளியேறும் முன் இவற்றுடன் கிளைசின் அல்லது டாரின் இணைக்கப்படுகிறது. இவ்வாறு இணைக்கப்பட்டவை நீரில் எளிதில் கரையும். டாரின் முதன்முதலில் எருதின் பித்தநீரில் இருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதற்குப் பெயராயிற்று.

உணவு உண்டபின் பித்தப்பை சுருங்கி, பித்தநீரை முன்சிறுகுடலுக்குள் செலுத்துகிறது. பித்த அமிலத்தின் ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் கொழுப்பையும் நாடும். எனவே சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போல, இவை கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்துக் கொழுப்புச் செரிக்கும் நொதிகளுக்கு வழிவிடுகின்றன. வேலை முடிந்த அமிலங்களில் ஏறக்குறைய 95 விழுக்காடு பின்சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு, கல்லீரல் வாயில் சிரை வழியாகக் கல்லீரலுக்கே திரும்புகிறது. உடலில் உள்ள மொத்தப் பித்த அமிலம் சில கிராம்கள் மட்டுமே. அதுவே நாளொன்றுக்குப் பலமுறை சுற்றி வருகிறது. ஒவ்வொரு நாளும் மலத்தில் வெளியேறும் அரை கிராம் அளவைக் கல்லீரல் புதிதாக உருவாக்கி ஈடு செய்கிறது. கொலஸ்டிரால் உடலை விட்டு வெளியேறும் முக்கிய வழிகளில் இதுவும் ஒன்று.

பாக்டீரியாக்கள் செய்யும் மாற்றம்

உறிஞ்சப்படாமல் பெருங்குடலைச் சென்றடையும் சிறு பங்கில்தான் பெரிய மாற்றங்கள் நடக்கின்றன. முதற்படியில் கிளைசினும் டாரினும் வெட்டி நீக்கப்படுகின்றன. இதற்கான நொதி பித்த உப்பு ஹைட்ரோலேஸ் எனப்படும். லாக்டோபேசில்லஸ், பைஃபிடோபாக்டீரியம், பாக்டிராய்ட்ஸ், என்டரோகாக்கஸ் எனப் பல பேரினங்களில் இந்த நொதி உள்ளது.

இரண்டாம் படி அப்படிப் பரவலானது அன்று. அமில மூலக்கூறின் ஏழாம் இடத்தில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கும் திறன் மிகச் சில பாக்டீரியாக்களுக்கே உண்டு. இவற்றுள் நன்கு ஆராயப்பட்டது கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ். இவை குடல் பாக்டீரியாக்களில் மிகச் சிறிய பங்கே; ஆனால் இவற்றின் செயலால் கோலிக் அமிலம் டிஆக்சிகோலிக் அமிலமாகவும், கீனோடிஆக்சிகோலிக் அமிலம் லித்தோகோலிக் அமிலமாகவும் மாறுகின்றன. இவை இரண்டும் இரண்டாம் நிலைப் பித்த அமிலங்கள். எலியின் கல்லீரல் டிஆக்சிகோலிக் அமிலத்தை மீண்டும் கோலிக் அமிலமாக மாற்றிக்கொள்ளும். மனிதக் கல்லீரலால் அது முடியாது. அதனால் பாக்டீரியா உருவாக்கிய டிஆக்சிகோலிக் அமிலம் மனிதப் பித்தநீரிலேயே கணிசமான பங்காகத் தங்கிவிடுகிறது. எலிகளில் கிடைத்த முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

ஏழாம் இடத்து ஹைட்ராக்சில் தொகுதி நீக்கப்படாமல் திசை மட்டும் மாறினால் கிடைப்பது அர்சோடிஆக்சிகோலிக் அமிலம். இது கரடியின் பித்தநீரில் மிகுதி. பெயரின் முற்பகுதி கரடியையே குறிக்கிறது. மனிதரில் சிறிதளவே உருவாகும் இவ்வமிலம், சிலவகைப் பித்தக்கற்களைக் கரைக்கவும், முதனிலைப் பித்தநாள அழற்சிக்கும் மருந்தாகத் தரப்படுகிறது.

கல்லீரல் மட்டுமே பித்த அமிலங்களுடன் அமினோ அமிலங்களை இணைக்கும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, குடல் பாக்டீரியாக்களும் ஃபினைல்அலனின், டைரோசின், லியூசின் ஆகியவற்றைப் பித்த அமிலத்துடன் இணைக்கின்றன என்று காட்டியது. பித்த அமிலங்களின் கட்டமைப்பு ஆய்வுக்காக ஹைன்ரிக் வீலாண்ட் 1927 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்று 90 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரே இது தெரியவந்தது.

பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்துதல்

கொழுப்பைக் கரைக்கும் பொருள் பாக்டீரியாவின் கொழுப்புப் படலத்தையும் சிதைக்கும். சிறுகுடலின் மேற்பகுதியில் பாக்டீரியாக்கள் குறைவாக இருப்பதற்குப் பித்த அமிலங்களும் ஒரு காரணம். நுண்ணுயிரியல் மாணவர்கள் ஆய்வகத்தில் பயன்படுத்தும் மக்கான்கி அகாரில் பித்த உப்பு சேர்க்கப்படுவதும் இதனால்தான்: பித்த உப்பைத் தாங்கும் குடல்வாழ் கிராம் எதிர் பாக்டீரியாக்கள் அதில் வளரும், கிராம் நேர் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை வளரா.

கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் தொற்று

இத்தொடர்பு மனித உயிரைப் பாதிக்கும் அளவுக்கு வெளிப்படும் இடம் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் தொற்றாகும். மருத்துவமனைகளில் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து எடுத்துக்கொண்ட நோயாளிகளுக்கு, குறிப்பாக முதியோருக்கு, கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியா இது. குடல் சுவர் அழற்சியால் இறப்பும் நேரலாம்.

இப்பாக்டீரியா வித்து வடிவில் குடலுக்குள் நுழைகிறது. வித்து முளைப்பதற்கு அதற்கு ஓர் அறிகுறி தேவை. அந்த அறிகுறி டாரினுடன் இணைந்த கோலிக் அமிலம். கிளைசினும் உடன் இருந்தால் முளைப்பு விரைவாகும். மறுபுறம், டிஆக்சிகோலிக் அமிலம் முளைத்து வந்த பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது. நலமான பெருங்குடலில் முதலாவது குறைவு, இரண்டாவது மிகுதி. நுண்ணுயிர் எதிர்ப்பிகள் கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் போன்றவற்றை அழித்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. முளைக்கத் தூண்டும் பொருள் சேர்கிறது, வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் மறைகிறது. தொற்றை ஒழிக்கத் தரப்படும் மருந்தும் நுண்ணுயிர் எதிர்ப்பியே என்பதால், மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்புவது வழக்கமாக உள்ளது.

இதற்கு வேறு வழி தேடியதன் விளைவே மல நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சை. நலமான ஒருவரின் மலத்தைக் கரைசலாக்கி நோயாளியின் குடலுக்குள் செலுத்துவது இம்முறை. கேட்பவர் முகம் சுளிப்பது இயல்பே. நெதர்லாந்தில் நடந்து 2013 இல் வெளியான ஆய்வில், நோய் மீண்டும் மீண்டும் வந்த 16 பேரில் 13 பேர் முதல் சிகிச்சையிலேயே குணமடைந்தனர். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தவர்கள் 4 பேர். வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. இச்சிகிச்சைக்கு முன் நோயாளிகளின் மலத்தில் முதனிலை அமிலங்களே மிகுந்திருப்பதும், சிகிச்சைக்குப் பின் இரண்டாம் நிலை அமிலங்கள் திரும்பி வருவதும் பிற ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. அமெரிக்காவில் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இவ்வகையில் இரண்டு மருந்துகளுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. அவற்றுள் ஒன்று விழுங்கும் மாத்திரையுறை.

பித்த அமிலம் மட்டுமே இப்பாதுகாப்புக்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். கோலிக் அமிலம் உருவாகாதவாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளிலும் கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் போன்றவை ஓரளவு பாதுகாப்புத் தந்தன. அமினோ அமிலங்களுக்கான போட்டியும் இதில் பங்கு வகிக்கிறது.

உடலுக்குச் செய்தி அனுப்புதல்

பித்த அமிலங்கள் இயக்குநீர்களைப் போலவும் செயல்படுகின்றன. உயிரணுக்களில் உள்ள எஃப்எக்ஸ்ஆர் என்னும் ஏற்பியுடன் இவை இணைவது 1999 இல் கண்டறியப்பட்டது. பின்சிறுகுடலில் இந்த ஏற்பி தூண்டப்பட்டால் எஃப்ஜிஎஃப்19 என்னும் புரதம் சுரந்து, கல்லீரலை அடைந்து, புதிய பித்த அமில உற்பத்தியைக் குறைக்கச் செய்கிறது. டிஜிஆர்5 என்னும் மற்றோர் ஏற்பியை லித்தோகோலிக், டிஆக்சிகோலிக் அமிலங்கள் வலுவாகத் தூண்டுகின்றன. இதன் வழியே, இன்சுலின் சுரப்பை உயர்த்தும் ஜிஎல்பி-1 குடலில் வெளியாகிறது. எனவே நீரிழிவு, உடற்பருமன் ஆய்வுகளிலும் இப்பாக்டீரியாக்கள் கவனம் பெறுகின்றன.

தீமை

இரண்டாம் நிலை அமிலங்களை நல்லவை என்று வகைப்படுத்திவிட முடியாது. லித்தோகோலிக் அமிலம் கல்லீரலுக்கு நச்சு. மனிதக் கல்லீரல் அதனுடன் சல்பேட்டை இணைத்து வெளியேற்றுகிறது. கொழுப்பு மிகுந்த உணவு பித்தநீர்ச் சுரப்பைக் கூட்டுவதால் பெருங்குடலில் டிஆக்சிகோலிக் அமிலமும் கூடும். அளவுக்கு மிஞ்சிய இவ்வமிலம் குடல் உயிரணுக்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தக் கூடியது என்பதால், பெருங்குடல் புற்றுநோயில் அதன் பங்கு தொடர்ந்து ஆராயப்படுகிறது. பின்சிறுகுடல் அறுவையால் நீக்கப்பட்டவர்களிலோ உறிஞ்சல் பழுதானவர்களிலோ பித்த அமிலங்கள் பெருங்குடலில் வழிந்து நீரைச் சுரக்கச் செய்து, நாட்பட்ட வயிற்றுப்போக்கை உண்டாக்கும். இதற்குப் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலெஸ்டிரமின் என்னும் மருந்து தரப்படுகிறது.