அமெரிக்கன் மா: நம் அடுப்படிக்கு வந்த வெளிநாட்டுக் கொள்கை

வடக்கிலும் கிழக்கிலும் வயது முதிர்ந்த தாய்மார் பலர் கோதுமை மாவை இன்றும் "அமெரிக்கன் மா" என்றே சொல்வர். அதை அவித்து, அரித்து, அரிசி மாவுடன் கலந்து பிட்டு அவிப்பர், இடியப்பம் பிழிவர். அந்தக் கோதுமை இன்று பல நாடுகளிலிருந்து வருகிறது. அதை மாவாக்கும் பெரிய ஆலையோ நமது சீனக்குடாவிலேயே இருக்கிறது. ஆனாலும் பழைய பெயர் போகவில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

திருகோணமலையையும் அமெரிக்காவையும் சேர்த்துப் பேசினால் பலருக்கும் நினைவுக்கு வருவது துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும்தான். 1957இல் பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து வெளியேறியது. 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் தீர்மானத்தை இலங்கை ஐ.நா. சபையில் முன்னின்று கொண்டுவந்தது. 1987இல் இந்திய – இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் படைக்கும் இத்துறைமுகம் விடப்படாது என்று எழுதப்பட்டது. இவை பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆனால் ஒரு வல்லரசின் கொள்கை போர்க்கப்பலில் மட்டும் வருவதில்லை. அது மா மூடையிலும் வரும்.

உபரி தானியமும் பனிப்போரும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் களஞ்சியங்களில் கோதுமை மலைபோல் குவிந்தது. விற்க வழியில்லாவிட்டால் அந்நாட்டு விவசாயிக்கு விலை விழும். அதேவேளை ஆசியாவின் புதிய நாடுகளில் பசி இருந்தது. அவை சோவியத் பக்கமோ சீனப் பக்கமோ சாய்ந்துவிடும் என்ற அச்சம் வாஷிங்டனில் இருந்தது. இந்த இரண்டுக்கும் ஒரே மருந்தாக 1954இல் ஜனாதிபதி ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டமே பி.எல். 480. அமெரிக்க விளைபொருட்களின் நுகர்வை வெளிநாடுகளில் பெருக்குவதும், அந்நாட்டின் வெளியுறவை மேம்படுத்துவதும் தன் நோக்கங்கள் என்று அச்சட்டத்தின் தலைப்பே வெளிப்படையாகச் சொன்னது. ஜனாதிபதி கென்னடியின் காலத்தில் இதற்குச் "சமாதானத்துக்கான உணவு" என்ற பெயர் கிடைத்தது.

இந்த உணவு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, அரசாங்கத்துக்கு இலகு தவணையில் விற்கப்பட்ட தானியம். மற்றது, தொண்டு நிறுவனங்கள் மூலம் வந்த நன்கொடை. கெயார், கத்தோலிக்க நிவாரண சேவை போன்றவை இப்பணியில் ஈடுபட்டன. பசித்த பிள்ளைகள் அதனால் பயனடைந்தார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விநியோகித்த கைகளில் திருச்சபையின் கைகளும் இருந்தபடியால், அந்த உணவு எதற்காக வந்தது என்று கேட்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.

உதவி வந்ததும் நின்றதும்

இலங்கையின் அனுபவம் இச்சட்டத்துக்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1952இல் அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கொரியப் போர்க் காலத்தில் ஏறிய றப்பர் விலையோ சரிந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிடம் நமக்கு ஏற்ற விலை கிடைக்கவில்லை. எனவே டட்லி சேனநாயக்கவின் அரசு டிசம்பர் 1952இல் சீனாவுடன் ஒப்பந்தம் செய்தது: ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது, ஐந்து ஆண்டுகளுக்கு. அது கம்யூனிச அரசு அல்ல, வலதுசாரி அரசு. ஆனாலும் சீனாவுக்குப் போர்த்தேவைப் பொருள் விற்ற நாடு என்ற காரணத்தால் அமெரிக்க உதவி மறுக்கப்பட்டது. உதவி 1956இல்தான் தொடங்கியது.

இடையில் 1953இல் அரசு மானியத்தை வெட்டியபோது, ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஓகஸ்ட் 12இல் நாடெங்கும் ஹர்த்தால். உயிர்கள் பலியாகின, பிரதமர் சில வாரங்களில் பதவி விலகினார். சோற்றுப் பானையில் கைவைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை அதன்பின் எந்த அரசும் மறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து மலிவாக வரும் மா, ஆட்சியாளருக்கு ஏன் இனித்தது என்பதை இங்கிருந்துதான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மீண்டும் 1963. முந்திய ஆண்டு சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களைச் சுவீகரித்திருந்தது. அவற்றுள் எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய அமெரிக்கக் கம்பனிகளும் அடங்கும். நட்டஈடு தாமதமானதால் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஹிக்கன்லூப்பர் திருத்தம் என்ற சட்டவிதி உலகில் முதன்முதலாகப் பிரயோகிக்கப்பட்டது நம் நாட்டின் மீதுதான். 1965இல் ஆட்சி மாறி, நட்டஈட்டுக்கு இணக்கம் கண்ட பின்னரே உதவி திரும்பியது.

சோற்றிலிருந்து பாணுக்கு

அக்காலத்தில் நம் உணவு மெல்ல மாறிக்கொண்டிருந்தது. 1966இன் இறுதியில் பங்கீட்டு அரிசி வாரத்துக்கு இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைந்தது. அந்த ஒன்று இலவசம். குறைந்த இடத்தை மாவும் பாணும் நிரப்பின. மா அவிப்பதற்கு நெல் குற்ற வேண்டியதில்லை. பாண் வாங்கினால் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. விடிகாலையில் வேலைக்குப் போகும் கூலித் தொழிலாளிக்கும், துறைமுகத் தொழிலாளிக்கும் அது வசதியாயிற்று. மா வெறும் திணிப்பு என்று சொல்வது சரியல்ல. நமது பெண்களின் வேலைப் பளுவை அது குறைத்தது என்பதும் உண்மை.

ஆனால் இலங்கையில் கோதுமை விளைவதில்லை. 1970களின் முற்பகுதியில் உலகச் சந்தையில் கோதுமை விலை பலமடங்கு ஏறியபோது, பாணுக்காக மக்கள் இரவிலேயே வரிசையில் நின்றார்கள். பழக்கம் நம்முடையதாகிவிட்டது, பொருளோ பிறருடையது.

1977இன் திறந்த பொருளாதாரத்துடன் அடுத்த கட்டம் வந்தது. பாரிய தானியக் கப்பல்கள் அணையக்கூடிய ஆழமான துறைமுகம் தேவை என்பதால், சிங்கப்பூரின் பிறீமா நிறுவனம் சீனக்குடாவில் ஆலை கட்டியது. 1980இல் அது இயங்கத் தொடங்கியது. அரசு கோதுமையை வாங்கிக் கொடுக்கும். கம்பனி அரைத்து மாவைக் கொடுத்து, கூலியாகத் தவிடு முதலிய துணைப் பொருட்களை எடுத்துக்கொள்ளும். பி.எல். 480 கோதுமையும் இந்த ஆலைக்கு வந்தது. இவ்வாறு கந்தளாய், தம்பலகாமம், மூதூர், கிண்ணியா வேளாண்மைக்காரர் நெல் விளைவிக்கும் அதே மாவட்டம் நாட்டின் கோதுமை மாவுக்கும் வாசலாயிற்று. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் நம் மக்கள் உயிர்வாழ்ந்ததும் நிவாரண மா, பருப்பு, சீனியால்தான்.

பாடம் என்ன?

2022இல் நாட்டில் டொலர் இல்லாமற் போனபோது பாண் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. அப்போது "நம் நெல் இருக்கிறதே" என்று ஆறுதல் கொள்ளவும் முடியவில்லை. 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட திடீர்த் தடையால் நெல் விளைச்சலும் வீழ்ந்திருந்தது. ஆகவே கோதுமையைப் பழித்து அரிசியைப் புகழ்வது மட்டும் தீர்வாகாது. உரமும் டீசலும் விதையும் யார் கையில் என்பதும் அதே கேள்விதான்.

உதவியில் வேரூன்றியதும் உண்டு. 1973இல் கெயாரின் ஒத்துழைப்புடன், அமெரிக்க உணவு நன்கொடையைக் கொண்டு தொடங்கிய திரிபோஷ, பின்னர் உள்ளூர்ச் சோளத்தையும் சோயாவையும் கொண்டு இங்கேயே தயாராகும் சத்துணவாயிற்று. கர்ப்பிணித் தாய்மாரும் சிறுபிள்ளைகளும் கிளினிக்கில் இன்றும் பெறுவது அதைத்தான். கொடுத்தவர் போன பின்னும் அது நின்றது. நம் கமக்காரரின் விளைச்சலுக்கு ஒரு சந்தையையும் தந்தது. மா மூடை அப்படியல்ல. கொடுத்தவர் போனபின் நமக்கு மிஞ்சியது பழக்கமும் கட்டணச் சீட்டும்.

1961இல் தொடங்கிய அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எயிட் 2025 யூலை 1இல் மூடப்பட்டது. நம் நாட்டில் எவரும் அந்த முடிவை எடுக்கவில்லை. 1952இலும் 1963இலும்கூட அப்படித்தான். உதவியை ஏற்பது வெட்கமல்ல. அது நாளை நின்றுவிடும் என்ற நினைவோடு ஏற்பதே அறிவு.

குழுக்களில் கலந்துரையாட

1. நமது வீட்டில் வாரத்தில் எத்தனை வேளை கோதுமை மா உண்கிறோம்? நம் பாட்டியார் காலத்தில் அந்த வேளைக்கு என்ன உண்டார்கள்?

2. குரக்கன், சோளம், பயறு, கிழங்கு ஆகியவை நம் கிராமத்தில் ஏன் குறைந்தன? விலையா, தண்ணீரா, வேலைப் பளுவா?

3. நம் கிராமத்துக்குக் கிடைத்த ஓர் உதவித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவர் போன பின் அதில் எது நின்றது? எது நிற்கவில்லை? ஏன்?