பனிமலை சரிந்தால்

காரக்கோணத்தில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லின்மேல் நிற்கும் துளிதான். வெயில் வந்தால் போய்விடும். இமயமலைப் பனி வேறு. அது பஞ்சு போல விழும். ஆள் உயரத்துக்கும் மேலே குவியும். மாதக்கணக்கில் கரையாது. அது மொத்தமாகச் சரிந்து விழுவதே பனிச்சரிவு.

காரக்கோணம், பாறசாலைப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போகிறவர்கள் உண்டு. பத்ரிநாத் யாத்திரை போகிறவர்களும் உண்டு. ஆகவே வீட்டில் இருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சியாச்சினில் நடந்தது

2016 பிப்ரவரி 3. சியாச்சின் பனிமலையில் சுமார் 19,600 அடி உயரத்தில் ஒரு ராணுவ முகாம். அங்கே 10 வீரர்கள் இருந்தார்கள். பெரிய பனிச்சுவர் உடைந்து முகாமை மூடியது. அந்தப் பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் கொல்லம்காரர்.

ஆறு நாள் தோண்டினார்கள். ஹனுமந்தப்பா என்ற வீரர் மட்டும் உயிரோடு கிடைத்தார். அவரும் பிப்ரவரி 11-ல் தில்லி மருத்துவமனையில் இறந்தார்.

ஏன் சரிகிறது?

ஒவ்வொரு முறை பெய்யும் பனியும் ஓர் அடுக்கு. சில அடுக்கு இறுகிவிடும். சில அடுக்கு சீனி போல உதிரியாக நிற்கும். ஒரு பலகையில் சீனியைத் தூவி, அதன்மேல் கனமான புத்தகத்தை வையுங்கள். பலகையைச் சாய்த்தால் என்ன ஆகும்? புத்தகம் வழுக்கி விழும். பனிச்சரிவும் அப்படித்தான். அடியில் உள்ள அடுக்கு பிடி விட்டால் மேல் அடுக்கு முழுவதும் இறங்கிவிடும். சில நேரம் ஓர் ஆள் நடக்கும் பாரமே போதும்.

2001 நவம்பரில் அம்பூரியில் மலைமண் சரிந்து பலர் இறந்தார்கள். அங்கே மழைநீர் மண்ணின் பிடியைத் தளர்த்தியது. பனிமலையில் பனியின் பிடி தளர்கிறது.

மாறிவரும் பனி

உலகம் சூடாகிறது. இமயத்தில் பனி பெய்யும் காலமும் அளவும் மாறிவருகின்றன. குளிர்காலத் தொடக்கத்தில் பனி குறைவாகப் பெய்தால், அந்த மெல்லிய அடுக்கு கடுங்குளிரில் உதிரியாகிவிடும். பிறகு கனத்த பனி விழுந்தால் அது தாங்காது. பனியின்மேல் மழை பெய்தாலும் ஆபத்து. “போன வருஷம் இந்த வழியில் ஒன்றும் நடக்கவில்லையே” என்று நம்பிப் போக முடியாது.

2025 பிப்ரவரி 28-ல் உத்தரகண்டில் மாணா கிராமத்தின் அருகே சாலைத் தொழிலாளர் 54 பேர் பனியில் சிக்கினார்கள். 46 பேர் பிழைத்தார்கள். 8 பேர் இறந்தார்கள்.

உயிர் காக்க

பனியில் புதைந்தவரைச் சுமார் 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். நேரம் போகப் போக மூச்சு முட்டிவிடும். வெளியிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. உடன் இருப்பவர்களே உடனே தோண்ட வேண்டும்.

சண்டிகரில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையம் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. எச்சரிக்கை வந்தால் பயணத்தை நிறுத்துங்கள். யாத்திரையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். போன உயிர் திரும்பாது.

யோசித்துச் சொல்லுங்கள்

1. பனி அடுக்கு ஏன் பிடி விடுகிறது?
2. மண்சரிவும் பனிச்சரிவும் எதில் ஒன்றுபோல் உள்ளன?