உப்புக் கிணற்றில் இறால் வளர்க்கலாமா? செவுள் சொல்லும் பதில்

'கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது, பயிர் கருகுகிறது. பண்ணைக்குட்டை வெட்டி வனாமி இறால் விடலாமா?' கடலே இல்லாத விருதுநகர் மாவட்டத்து விவசாயிக்கும் இப்படி ஒரு யோசனை வரலாம். விஸ்வநத்தம், சிவகாசி சுற்றுவட்டாரத்தில் இதோடு இன்னொரு கேள்வியும் சேர்கிறது. பட்டாசு ஆலைகளுக்கு நடுவே இருக்கும் கிணற்று நீர் இறாலுக்கு ஆகுமா? இரண்டுக்கும் பதில் இறாலின் செவுளில் இருக்கிறது.

ஒரு உறுப்பு, மூன்று வேலை

இறாலின் தலை ஓட்டுக்கு அடியில், இரண்டு பக்கமும் இறகு போல அடுக்கடுக்காக இருப்பதுதான் செவுள். மூச்சு விடுவது, உடம்பில் உப்பின் அளவைச் சரியாக வைப்பது, கழிவான அம்மோனியாவை வெளியேற்றுவது ஆகிய மூன்றையும் அதுவே செய்கிறது. ஆக்ஸிஜன் உள்ளே போக வசதியாக அதன் தோல் மிக மெல்லியதாக இருக்கிறது. அதனால் தண்ணீரில் கலந்த நஞ்சும் முதலில் தாக்குவது செவுளைத்தான்.

செவுளைக் கெடுப்பவை

தின்னாமல் மிஞ்சும் தீவனமும் எச்சமும் குட்டையின் அடியில் அழுகி அம்மோனியாவாக மாறும். தண்ணீரின் பி.ஹெச். 8 இருக்கும்போது, 30 டிகிரி வெப்பத்தில், அந்த அம்மோனியாவில் 100-க்கு 7 பங்குதான் கொடிய வடிவில் இருக்கும். பி.ஹெச். 9 ஆனால் ஏறக்குறைய 40 பங்கு ஆகிவிடும். பாசி அடர்ந்த குட்டையில் பிற்பகலில் பி.ஹெச். இப்படி ஏறுவது உண்டு.

ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு அதிகமிருந்தால் அது செவுளில் துரு போலப் படியும். அந்த நீரைத் தனித் தொட்டியில் விட்டு, காற்றூட்டி, தெளியவைத்த பிறகே குட்டைக்கு விட வேண்டும்.

செம்பு, காட்மியம் போன்ற உலோகங்கள் செவுள் திசுவையே சிதைக்கும். பாசியை ஒழிக்க அளவில்லாமல் மயில்துத்தம் போடுவதும் இந்தக் கெடுதலைத்தான் செய்யும். உப்பு குறைந்த நீரில் பாதிப்பு இன்னும் அதிகம்.

நிறத்தைப் பாருங்கள்

சோதனைத் தட்டில் ஏறும் இறால்களில் சிலவற்றை எடுத்து, தினமும் செவுளைப் பாருங்கள். தெளிவாக, வெளிறி இருந்தால் நலம். பழுப்பாக இருந்தால் இரும்போ சேறோ படிந்திருக்கலாம். பச்சையாக இருந்தால் பாசி. கறுத்திருந்தால் அடிச்சேறு அழுகல், உலோகம், பூஞ்சணம் என்று காரணம் பல. விடியற்காலையில் இறால்கள் மேல்மட்டத்தில் வந்து நீந்தினால் ஆக்ஸிஜன் பற்றவில்லை என்று பொருள். உடனே காற்றூட்டியை ஓட்ட வேண்டும்.

தோல் உரிக்கும்போது செவுளின் மேல்தோலும் சேர்ந்து கழன்றுவிடும். மேலே படிந்த அழுக்கு மட்டும் என்றால் அதோடு போய்விடும். அதற்குப் பிறகும் கறுப்பு தெரிந்தால் உள்ளே திசு கெட்டிருக்கலாம். தண்ணீரையும் இறாலையும் சோதனைக்கு அனுப்புங்கள். காரணம் தெரியாமல் மருந்து ஊற்றுவது வீண் செலவு.

கடல் உப்பு வேறு, கிணற்று உப்பு வேறு

செவுள் உப்பைச் சமன்செய்ய பொட்டாசியம் தேவை. உள்நாட்டு உப்புக் கிணறுகளில் பெரும்பாலும் குறைவாக இருப்பது அதுதான். லிட்டருக்கு 5 கிராம் உப்புள்ள நீரில், கடல்நீரின் விகிதப்படி, பொட்டாசியம் சுமார் 53 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 195 மில்லிகிராம் இருக்க வேண்டும். இவை குறைந்தால் தோல் உரிக்கும் சமயத்தில் இறால் செத்து விழும். உப்பு குறைந்த நீரில் நைட்ரைட் நஞ்சும் செவுள் வழியாக எளிதில் உள்ளே நுழையும்.

பட்டாசுப் பகுதியில் கூடுதல் கவனம்

பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசிப் பகுதியில் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் கலந்திருப்பதை 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இது மனிதர்களின் தைராய்டு சுரப்பியைப் பாதிக்கக்கூடியது. எல்லாக் கிணறும் கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் தரையில் சிந்தும் ரசாயனம் கிணறுவரை போகும் என்பது உறுதி. எனவே குட்டை வெட்டும் முன்பே, கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் நீரைச் சோதியுங்கள். வழக்கமான சோதனையோடு பேரியம், அலுமினியம், செம்பு, ஈயம், பெர்குளோரேட் ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். அறிக்கை நன்றாக இருந்தாலும், கொஞ்சம் குஞ்சுகளை மெதுவாகப் பழக்கி, அதே நீரில் தொட்டியில் சில நாள் வைத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தவர் கிணறும் முக்கியம்

இறால் குட்டையின் உப்பு நீர் கசிந்தால் பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் பாழாகும். கடற்கரை இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று அளித்த தீர்ப்பில் இந்தப் பாதிப்பும் பேசப்பட்டது. ஆகவே மீன்வளத் துறையிடம் அனுமதி பற்றிக் கேட்காமல் மண்ணை வெட்ட வேண்டாம். தொழில்நுட்ப ஆலோசனைக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையும், சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம்.

நீர்ச் சோதனைக்கு ஆகும் செலவு, குட்டை வெட்டி, குஞ்சும் தீவனமும் வாங்கும் செலவில் ஒரு சிறு பங்குதான். அறிக்கை சரியில்லை என்றால் அந்தக் கிணற்றை நம்பி இறாலில் இறங்க வேண்டாம். கடன் வாங்காமல் தப்பித்ததும் ஒரு லாபம்தான்.