பிரெஞ்சு 'பி1' முடிச்சாச்சு... ஆனா செய்தி புரியலையா? தாம்பரம் ரயிலிலேயே காதைப் பழக்குவது எப்படி?

பிளஸ் டூவில் "மார்க் நல்லா வரும்" என்று பிரெஞ்சு எடுத்தவர்கள், கல்லூரியிலும் தமிழுக்குப் பதிலாக அதையே தொடர்ந்தவர்கள், வார இறுதியில் நுங்கம்பாக்கம் வரை போய் வகுப்பு முடித்தவர்கள்... தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இப்படிப் பலரைப் பார்க்கலாம். இலக்கணம் தெரியும், கடிதம் எழுதவும் வரும். ஆனால் பிரான்ஸ் 24 சேனலின் பிரெஞ்சு ஒளிபரப்பைத் திறந்தால் இரண்டே நிமிடத்தில் தலை சுத்தும்.

உங்களுக்கும் இதே நிலைமைதானா? உங்க படிப்பில் தப்பு இல்லை. காதுக்குத் தேவையான பயிற்சி மட்டும் இன்னும் கிடைக்கலை. அதைச் செலவில்லாமல் எப்படிப் பெறலாம் என்று பார்க்கலாம்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

தமிழைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே படித்த ஒரு வெளிநாட்டுக்காரரை நினைச்சுப் பாருங்க. அவருக்கு 'வந்துகொண்டிருக்கிறேன்' தெரியும். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் போனில் "வந்துட்ருக்கேன்" என்றால்? முழிப்பார்.

பிரெஞ்சிலும் இதே கதைதான். 'எனக்குத் தெரியாது' என்பதற்குப் புத்தகம் சொல்லித் தருவது 'ஜெ ந சே பா'. பேச்சில் அது 'ஷே பா' என்று சுருங்கிவிடும். நடுவில் இருக்கும் 'ந' பெரும்பாலும் காணாமலே போகும். 'இருக்கிறது' என்று பொருள் தரும் 'இல் யா' வெறும் 'யா' ஆகிவிடும்.

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவில் தினமும் வாழ்கிற நமக்கு இந்த வித்தியாசம் புதுசு கிடையாது. பிரெஞ்சிலும் இப்படி இரண்டு உண்டு என்று தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும்.

வார்த்தைகள் ஒட்டிக்கொள்வது ஏன்?

'மணி' என்பதும் 'அடித்தான்' என்பதும் சேர்ந்தால் 'மணியடித்தான்'. நடுவில் ஒரு 'ய்' வருகிறது. பள்ளியில் புணர்ச்சி என்று படித்தோமே, அதுதான்.

பிரெஞ்சில் கிட்டத்தட்ட இதைப்போல ஒன்று உண்டு. பெயர் 'லியேசோன்'. 'லே' என்று முடியும் சொல்லுக்குப் பின் 'ஆமி' (நண்பர்) வந்தால், 'லேஸாமி' என்று ஒரே சொல்லாகக் காதில் விழும். எழுத்தில் ஊமையாக இருக்கும் 'எஸ்', அடுத்து உயிரொலி வந்ததும் வாய் திறக்கிறது. தனித்தனிச் சொல்லாகத் தேடினால் கிடைக்காது. சேர்ந்து ஒலிப்பதையே காது பழகணும்.

எண்களும் ஒரு தலைவலி. பிரெஞ்சில் 97 என்றால் 'நாலு இருபது, பத்து, ஏழு' என்று சொல்லணும். செய்தி முழுக்க ஆண்டுகளும் தொகைகளும்தான். அதனால் எண்களை மட்டும் கேட்டு எழுதிப் பழகுவது நல்ல தொடக்கம்.

எதைக் கேட்கலாம்?

முதல் படி: கற்பவர்களுக்காகவே தயாரிக்கப்படும் நிகழ்ச்சிகள். ஆர்.எஃப்.ஐ. வானொலியின் 'ஜுர்னால் ஆன் பிரான்சே ஃபசில்' என்றால் 'எளிய பிரெஞ்சில் செய்தி' என்று பொருள். 10 நிமிடச் செய்தி. எழுத்து வடிவமும் இணையதளத்தில் கிடைக்கிறது. ஹ்யூகோ கோத்தோன் நடத்தும் 'இன்னர்ஃபிரெஞ்ச்' பாட்காஸ்ட், இடைநிலையில் இருப்பவர்களுக்கானது. டிவி5 மோந்த் சேனலின் கற்றல் தளத்தில் ஏ1 முதல் பி2 வரை வீடியோவோடு பயிற்சிகள் இலவசம்.

இரண்டாம் படி: பிரெஞ்சுக்காரர்களுக்கானது, ஆனால் படம் கைகொடுக்கும். ஆர்ட்டே சேனலின் 'லெ தெசூ தே கார்த்' வரைபடங்களை வைத்து உலக அரசியலை விளக்கும் நிகழ்ச்சி. செய்தி ஏற்கெனவே தெரிந்திருந்தால் பாதி அர்த்தம் தானாகப் பிடிபடும்.

மூன்றாம் படி: இயல்பான பேச்சு. பிரான்ஸ் குல்துர் வானொலியின் 'லே பியே சூர் தேர்' நிகழ்ச்சியில் சாதாரண மக்கள் தங்கள் அனுபவத்தைப் பேசுவார்கள். தயக்கம், திக்கல், வேகம் எல்லாம் இருக்கும். பாதிகூடப் புரியலைன்னா வெட்கப்படாமல் ஒரு படி கீழே இறங்குங்க.

எப்படிக் கேட்கணும்?

சமைக்கும்போது பின்னணியில் ஓடவிட்டால் அது வெறும் சத்தம்தான். ஒரே 10 நிமிடத்தை மூன்று முறை கேட்பதில்தான் பலன் இருக்கு. தாம்பரத்தில் ஏறி நுங்கம்பாக்கம் போகிறவருக்கு ரயிலில் சுமார் 40 நிமிடம். அதை இப்படிப் பிரிக்கலாம்:

* தாம்பரம் – பல்லாவரம்: எழுத்து பார்க்காமல் கேளுங்க. யார், எங்கே, என்ன நடந்தது என்று மட்டும் பிடிச்சா போதும்.

* பல்லாவரம் – கிண்டி: எழுத்து வடிவத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்க. 'இந்தச் சொல் எனக்குத் தெரியுமே, ஏன் காதில் விழலை?' என்று தோன்றும் இடங்களில் நிறுத்தி மறுபடி கேளுங்க. முக்கியமான வேலை இங்கேதான் நடக்கிறது.

* கிண்டி – நுங்கம்பாக்கம்: மறுபடியும் எழுத்து இல்லாமல் கேளுங்க. ஐந்தே ஐந்து சொற்றொடர்களை போனில் குறிச்சுக்குங்க.

ஆடியோவை வீட்டிலேயே டவுன்லோடு செய்துவிடுவது நல்லது. படியில் நின்றுகொண்டு இயர்போன் மாட்டுவது வேண்டவே வேண்டாம்.

சப்டைட்டில் போடலாமா?

போடலாம், ஆனால் பிரெஞ்சு சப்டைட்டில். ஆங்கிலத்தில் போட்டால் கண் படிக்கும், காது ஓய்வெடுக்கும். 'லூப்பன்' மாதிரி பிரெஞ்சிலேயே எடுத்த தொடர்களைத் தேர்ந்தெடுங்க. பிரெஞ்சில் டப்பிங் செய்த ஆங்கிலப் படங்களில் பேச்சும் சப்டைட்டிலும் பல நேரம் ஒத்துப்போகாது.

தேர்வு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

டெல்ஃப் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பிரிவிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது.

கனடா குடியேற்றத்துக்கு முயற்சி செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு டெல்ஃப் சான்றிதழ் செல்லாது. 'டெஃப் கனடா' அல்லது 'டிசிஎஃப் கனடா' எழுதணும். 2023-ல் தொடங்கிய பிரெஞ்சு மொழிப் பிரிவுத் தேர்வுக்கு நான்கு திறன்களிலும் 'என்சிஎல்சி 7' நிலை தேவை. எழுத்தில் எடுத்த அதிக மதிப்பெண், கேட்டலில் விட்டதைச் சரிக்கட்டாது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் பணம் கட்டும் முன் கனடா அரசின் தளத்தைப் பார்த்துவிடுங்க. கனடா போக நினைப்பவர்கள், கியூபெக் உச்சரிப்புக்குக் காதைப் பழக்க ரேடியோ-கனடாவின் 'ஓதியோ' செயலியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்டால் மட்டும் பேச்சு வந்துவிடுமா?

வராது. குறித்து வைத்த அந்த ஐந்து சொற்றொடர்களை ராத்திரி வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. வாரத்துக்கு ஒருமுறை, கேட்ட ஒரு செய்தியை இரண்டு நிமிடம் உங்க வார்த்தையில் சொல்லி போனிலேயே பதிவு செய்யுங்க. ஒரு மாதம் கழித்து, முதல் நாள் புரியாத அதே 10 நிமிடச் செய்தியை மறுபடி போட்டுக் கேளுங்க. எவ்வளவு தூரம் வந்திருக்கீங்க என்று உங்களுக்கே தெரியும்.