கீரவாணியும் ஒரு கறுப்புக் கட்டையும்

2023 மார்ச்சில் ‘நாட்டு நாட்டு’ பாடலுக்கு ஆஸ்கர் வாங்கிய ஹைதராபாத் இசையமைப்பாளர் எம்.எம். கீரவாணியை, ‘அழகன்’ (1991) காலத்து ரசிகர்களுக்கு மரகதமணி என்றால்தான் தெரியும். அவர் பெயரையே கொண்ட கீரவாணி ராகம் 21ஆவது மேளகர்த்தா (தாய் ராகம்). அதே ஏழு சுரங்களை மேற்கத்திய இசையில் ஹார்மோனிக் மைனர் என்பார்கள். பாட்டு மேஜரிலிருந்து மைனருக்கு எப்படி மாறுகிறது என்பதை இந்த ராகத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கீபோர்டில் ஒரு கட்டையை (சி) ஸட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் சங்கராபரணம், அதாவது சி மேஜர். அதே கட்டைகளை ஆறு கட்டையில் (ஏ) தொடங்கினால் நடபைரவி, ஏ மைனர். சுரங்கள் அப்படியே இருக்க, ஸட்ஜம் மட்டும் இடம் மாறுகிறது. நம் வித்வான்கள் கச்சேரியில் செய்யும் கிரகபேதம் இதுதான். ஆனால் தம்புரா பழைய ஸட்ஜத்தையே மீட்டிக்கொண்டிருப்பதால், பாடகர் வித்தையைக் காட்டிவிட்டுச் சீக்கிரம் திரும்பியாக வேண்டும்.

கார்டுகளை நம்பும் இசைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பேஸோடு ஸட்ஜத்தையே நகர்த்திவிடலாம். முதலில் இரண்டு ஸ்கேலுக்கும் பொதுவான ஒரு கார்டு வேண்டும். டி மைனர் கார்டு சங்கராபரணத்தில் ரி-ம-த. ஆறு கட்டை நடபைரவியில் அதுவே ம-த-ஸ. ஒரே மூன்று ஒலிகள்தான், ஆகவே மாறப்போவது கேட்பவருக்குத் தெரியாது. அடுத்து ஈ மேஜர் கார்டு வருகிறது. அதில்தான் ஐந்தரைக் கட்டை (ஜி ஷார்ப்), அந்தக் கறுப்புக் கட்டை, முதன்முறையாக ஒலிக்கிறது. புதிய ஸட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே நிற்கும் காகலி நிஷாதம் அது. நடபைரவியைக் கீரவாணியாக்குவதும் அந்த ஒரு சுரம்தான். அது வந்ததும் காது ஆறு கட்டையை ஸட்ஜமாக எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். ஏ மைனர் கார்டில் வந்து இறங்கினால் மாற்றம் முடிந்தது.

ஸட்ஜத்தை அசைக்காமலும் மாறலாம். சங்கராபரணத்தில் அந்தர காந்தாரத்தைச் சாதாரண காந்தாரமாகவும், சதுஸ்ருதி தைவதத்தைச் சுத்த தைவதமாகவும் இறக்கினால் அதே சுருதியில் கீரவாணி. இந்த வழியில் மாற்றம் பளிச்சென்று தெரியும். முன்னது நைசாக நடக்கும்.

மைனர் என்றாலே சோகம் என்பதை நான் ஏற்பதில்லை. தாளத்தை முடுக்கினால் கீரவாணியிலும் துள்ளலாம். கைப்பேசியில் பியானோ செயலி இருந்தால் சி மேஜர், டி மைனர், ஈ மேஜர், ஏ மைனர் என நான்கு கார்டுகளையும் வரிசையாக அழுத்திப் பாருங்கள். மூன்றாவதில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.