ஈயத்துக்கு ஓர் எண், ஊருக்குப் பல எழுத்து

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை ஒட்டிச் சோதனைச் சாவடியோடு இருக்கும் எளாவூரும், அதற்குத் தெற்கே சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்த கும்மிடிப்பூண்டியும் வேதிப்பொருள்களோடு அன்றாடம் புழங்கும் ஊர்கள். ஓய்ந்துபோன பேட்டரிகளை உடைத்து உருக்கி ஈயத்தை மீட்டெடுக்கும் உலைகள் இப்பகுதியில் இயங்குவதால், இங்குள்ள மண்ணிலும் நீரிலும் ஈயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்ற கேள்வி, கல்லூரி மாணவருக்கு ஆய்வுத் தலைப்பாகவும் ஊர்க்காரருக்குக் கவலையாகவும் எழுகிறது. இதற்கு விடை தேடுவோர் கூகுளில் இரண்டு சொற்களைத் தட்டிப் பார்ப்பது இயல்பு. ஆனால் செய்தி, விளம்பரம், அரைகுறைத் தகவல் ஆகியவற்றோடு கலந்து வரும் ஆய்வுக் கட்டுரையைப் பிரித்தெடுப்பது அங்கே எளிதன்று.

பல்கலைக்கழக நூலகங்கள் சந்தா கட்டி வைத்திருக்கும் தரவுத்தளங்கள் இந்தப் பிரித்தெடுப்பைச் செய்து கொடுக்கின்றன. தரவுத்தளம் என்பது கட்டுரைகளின் குவியல் அன்று. எந்தக் கட்டுரை எந்தப் பொருளைப் பற்றியது, எவர் எழுதியது, அதைப் பின்னர் யார் மேற்கோள் காட்டினார்கள் என்பதையெல்லாம் வகைப்படுத்தி வைத்திருக்கும் அட்டவணை. வேதியியலில் இந்த வேலை பழையது. அமெரிக்க வேதியியல் கழகம் 1907-ல் தொடங்கிய 'கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' உலகெங்கும் வெளியான வேதியியல் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தொகுத்து வெளியிட்டுவந்தது. தடித்த தொகுதிகளாக நூலக அலமாரிகளை அடைத்துக்கொண்டிருந்த அந்த அச்சு வெளியீடு 2010-ல் நின்றுவிட, அதன் வாரிசான சைஃபைண்டர் கணினியில் அதே பணியைச் செய்கிறது. எல்சவியர் நிறுவனத்தின் ரியாக்சிஸ் இதற்குப் போட்டி. எல்லா அறிவியல் துறைகளையும் தழுவும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் ஆகியவை மேற்கோள்களைப் பின்தொடர உதவுகின்றன.

வேதியியல் தேடலில் பெயரை நம்பினால் மோசம் போவது உறுதி. ஒரே சேர்மத்துக்கு வணிகப் பெயர், வழக்குப் பெயர், முறைப்படியான பெயர் என்று பல உண்டு. ஈயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோ, அதே எழுத்துகளோடு 'வழிநடத்து' என்ற பொருளிலும் வருவதால், மருந்தாய்வு முதல் மேலாண்மை வரை தொடர்பில்லாத கட்டுரைகளை வாரிக்கொண்டு வரும். இதைத் தவிர்க்கவே 1965 முதல் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் சிஏஎஸ் (கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ்) எண் என்ற பதிவெண் வழங்கப்படுகிறது. ஈயத்தின் எண் 7439-92-1. இதன் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது: அதை விட்டுவிட்டு மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்கிக் கூட்டினால் 2+18+27+12+20+42, அதாவது 121 வரும், அதன் ஒன்றாம் இட இலக்கமான 1-தான் எண்ணின் முடிவில் நிற்கிறது. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதியிருந்தால் கணக்கு பெரும்பாலும் உதைக்கும். ஆனால் இந்த எண் உலோக ஈயத்துக்கு மட்டுமே உரியது. பேட்டரிக் கழிவில் ஈய சல்பேட்டும் (7446-14-2) ஈய டைஆக்சைடும் (1309-60-0) கலந்திருப்பதால், அவற்றின் எண்களையும் 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' என்ற இணைப்புச் சொல்லோடு சேர்த்துத் தேடாதவருக்குப் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

பொருளுக்கு எண் உண்டு, ஊருக்கு இல்லை. கும்மிடிப்பூண்டியை ஆங்கிலத்தில் எழுதுவோர் 'பூ' என்பதற்கு இரண்டு 'ஓ' போடுவதும் உண்டு, ஒற்றை 'யு'வோடு நிறுத்துவதும் உண்டு; 'மி'யை 'மு'வாக்குவோரும் இருக்கிறார்கள். சொல்லின் முற்பகுதியை மட்டும் தட்டி உடுக்குறி (*) இட்டால், எஞ்சியது எப்படி எழுதப்பட்டிருந்தாலும் தரவுத்தளம் கொண்டுவந்துவிடும். மேலும், இப்பகுதியின் நீரையும் வண்டலையும் ஆராய்ந்த கட்டுரைகள் கும்மிடிப்பூண்டி என்ற பெயரிலேயே இருக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள பழவேற்காட்டு ஏரியை ஆங்கிலக் கட்டுரைகள் 'புலிகாட்' என்றே குறிப்பதால், அந்தப் பெயரையும் ஆரணியாற்றையும் சேர்த்துத் தேடுவது நல்லது.

இத்தகைய கட்டுரைகளை அணுகும் வசதி கடந்த சில ஆண்டுகளில் மாறியிருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. தனியார் கல்லூரி மாணவரும் சிறு ஆலையின் வேதியியலாளரும் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்பது இத்திட்டத்தின் பெரிய குறை. தொழிற்பேட்டையில் இத்தகவல் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். அவர்களுக்கு அமெரிக்க அரசின் பப்கெம், சிஏஎஸ் நிறுவனமே இலவசமாகத் தரும் காமன் கெமிஸ்ட்ரி ஆகிய தளங்கள் கைகொடுக்கும்.

கட்டுரை கிடைத்துவிட்டால் அதை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. திருப்பதியில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004-க்கும் 2007-க்கும் இடையில் வெளியிட்ட சுமார் 70 கட்டுரைகள் திருட்டும் புனைவும் நிறைந்தவை என்று 2008-ல் அம்பலமானது. அவை தெருவோர இதழ்களில் வந்தவை அல்ல. துறை வல்லுநர்கள் படித்து ஒப்புதல் அளித்த பிறகே வெளியிடும் பன்னாட்டு இதழ்களில் வந்தவை. ஆகவே பெரிய தரவுத்தளத்தில் இருக்கிறது என்பதும், பலர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதும் சான்றாகிவிடா. கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்பதை ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் பார்த்துவிடலாம். இதழைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் கொண்டுவந்த, தரமான இதழ்களின் 'கேர்' பட்டியலை 2025-ல் கைவிட்டுவிட்டதால், தரம் பிரிக்கும் பொறுப்பு இப்போது கல்லூரிகளின் தலையில் விழுந்திருக்கிறது.

கட்டுரையின் யோக்கியதை பெரும்பாலும் அதன் செய்முறைப் பகுதியில் தெரிந்துவிடும். மண்ணில் ஈயத்தை அளந்ததாகச் சொல்லும் கட்டுரை, மண்ணை எந்த ஆழத்தில், எந்தப் பருவத்தில் எடுத்தார்கள், எந்த அமிலத்தில் கரைத்தார்கள், கருவி உணரக்கூடிய மிகக் குறைந்த அளவு எது என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். இவற்றைவிட முக்கியமானது ஒப்பீட்டு மண்: ஈயத்தின் அளவு முன்பே துல்லியமாக அளந்து சான்றளிக்கப்பட்ட மண்ணை அதே கருவியில் அதே முறையில் சோதித்து, அந்த அளவில் எத்தனை விழுக்காடு திரும்பக் கிடைத்தது என்று குறித்திருந்தால் அந்த ஆய்வாளர் தம் கருவியைச் சோதித்தவர் என்று கொள்ளலாம். நூறை ஒட்டிய விழுக்காடு நம்பிக்கை தரும்; அந்த வரியே இல்லாத கட்டுரையின் எண்களை வைத்து ஆலையைக் குற்றம் சாட்டவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

இதழ்க் கட்டுரைகளோடு தேடல் முடிந்துவிடுவதில்லை. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உள்ளூர் விவரம் தேடுவோர் தவறவிடக் கூடாத இடம் இது. இதழ்க் கட்டுரையில் இடமில்லாமல் சராசரியாகச் சுருங்கிவிடும் எண்கள், ஆய்வேட்டில் மாதிரி எடுத்த இடம் வாரியாக முழு அட்டவணையாக இருக்கும். ஊர்ப் பெயர் தலைப்பில் வராமல் அட்டவணைக்குள் ஒளிந்திருக்கக் கூடும் என்பதால், எளாவூரைத் தலைப்பில் தேடி ஒன்றும் இல்லையென்று விட்டுவிடாமல், திருவள்ளூர் மாவட்ட நிலத்தடி நீர், புலிகாட் வண்டல் என்று தேடி, இயல்களாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ள கோப்புகளில் ஆய்வுப் பகுதியை விவரிக்கும் இயலையும் முடிவு அட்டவணைகள் உள்ள இயலையும் திறந்து பார்க்க வேண்டும்.