சுதேசி அரட்டையும் திறந்த வழியும்

பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் இடையேயுள்ள பாரிவாக்கத்தில் ஒருவர் கடிதம் எழுதித் தபாற்பெட்டியில் இடுகிறார். அது டில்லிக்கும் போகும், டோக்கியோவுக்கும் போகும். பெறுபவர் எந்தக் கம்பெனியின் வாடிக்கைக்காரர் என்று தபாற்காரர் விசாரிப்பதில்லை. ஆனால், அதே மனிதர் கைப்பேசியில் அனுப்பும் செய்திக்கு இந்தச் சுதந்திரம் நம் நாட்டில் இன்னும் வாய்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் இருப்பவர் அங்கேயே இருப்பவரோடுதான் பேசலாம். 2014-ம் ஆண்டில் அந்தச் செயலி அமெரிக்கக் கம்பெனியான பேஸ்புக்கின் (இன்றைய மெட்டா) உடைமையாயிற்று.

இந்நிலையில், நம் சென்னையில் வளர்ந்த ஜோஹோ நிறுவனம் 2021-ல் ‘அரட்டை’ என்னும் செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பரில் மத்திய மந்திரிகள் சுதேசிச் செயலிகளை ஆதரிக்குமாறு வேண்டவே, நாளொன்றுக்கு 3,000 பேராக இருந்த புதிய சேர்க்கை மூன்றே நாட்களில் 3,50,000 ஆயிற்று என்று அதன் ஸ்தாபகர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். தமிழ்ப் பெயர் தாங்கிய செயலி தேசமெங்கும் பரவியது கண்டு நாம் மகிழ்ந்தோம்.

எனினும், அபிமானம் வேறு, பரீட்சை வேறு. அப்பொழுது அரட்டையில் பேச்சழைப்புகளுக்கு இருந்த பூட்டு, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. இப்பூட்டு சர்வரில் போடப்படுவதன்று. அனுப்புபவர் கைப்பேசியிலுள்ள நிரலே செய்தியைப் பூட்டவேண்டும், பெறுபவர் கைப்பேசியிலுள்ள நிரலே திறக்கவேண்டும். சாவி நடுவிலிருப்பவரிடம் இருக்கலாகாது. குறை எழுந்தபின், அவ்வாண்டு நவம்பரில் அந்நிறுவனம் அதை நிவர்த்திக்க முற்பட்டது. விமர்சனம் சுதேசித் தொழிலுக்குப் பகையன்று, உரமே என்பதற்கு இதுவே சாட்சி.

ஆயினும், பூட்டு மட்டும் போதாது. வழியும் திறந்திருக்க வேண்டும். 1999-ல் ஜெரெமி மில்லர் என்பவர் ‘ஜாபர்’ என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டார். அதன்படி எவரும் சர்வர் நடத்தலாம். எவரும் செயலி எழுதலாம். வெவ்வேறு சர்வர்களில் இருப்போர் ஒருவரோடொருவர் பேசலாம். 2005-ல் கூகிள் தன் ‘டாக்’ செயலியை இந்நெறியிலேயே அமைத்தது. கூட்டம் சேர்ந்தபின், 2013-ல் ‘ஹேங்அவுட்ஸ்’ என்ற புதுச் செயலிக்கு மாறி, அவ்வழியை அடைக்கத் தொடங்கியது. நல்லெண்ணத்தால் திறந்த கதவு லாபக் கணக்கால் மூடப்படும் என்பது இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

யூ.பி.ஐ.யில் ஒரு பாங்கின் பணம் மற்றொரு பாங்குக்குத் தடையின்றிப் போகிறதல்லவா? செய்திச் செயலிகளும் அவ்வாறே ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்று ஸ்ரீ வேம்பு 2025-ல் கூறினார். அதை நாம் மனமார ஆதரிக்கிறோம். ஆனால், வாக்கு நிரலாக மாறவேண்டும். நெறிமுறை யாவரும் வாசிக்கும்படி வெளியாகவேண்டும். அந்நியர் வேலிக்குப் பதில் சுதேசி வேலி எழுப்புவது சுயராஜ்யமாகாது.

நம் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. பொது நெறிமுறையில் இயங்கும் செயலிகளின் மூலநிரல் இன்று எவர்க்கும் கிடைக்கிறது. அதை வாசியுங்கள், குறை கண்டால் திருத்துங்கள், தமிழில் அமையுங்கள். பாரிவாக்கத்து மனிதரின் செய்தி, கடிதத்தைப் போலவே, எந்த வீட்டு வாசலையும் தட்டும் நாளை அவ்வுழைப்பே கொண்டுவரும்.